மிஞ்சிய சேவலும் கிடாயும்: வாசல் வியாபாரமா, சந்தையா, ஏலமா?

அடைவைத்துப் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகத்தான் இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வெள்ளாட்டிலும் இதே கதைதான். ஈற்றுக்கு இரண்டு குட்டி போடும் தாயாடுகள் பத்து வைத்திருப்பவருக்கு ஓர் ஈற்றில் பத்துக் கிடாக்குட்டிகள் வரை சேர்ந்துவிடுகின்றன, ஆனால் இருபத்தைந்து முப்பது தாயாடுகளுக்கே ஒரு பொலிகிடா போதுமானது. ஆகவே ஆடு கோழி வளர்க்கும் வீட்டில் விற்க வேண்டிய உருப்படிகள் ஆண்டுதோறும் இருந்தே தீரும் என்பதால், அவற்றை எங்கே, எப்போது, எந்த முறையில் விற்பது என்பதைப் பணமுடை வருவதற்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம். எங்கள் பக்கத்தில், மன்னார்குடிக்குக் கிழக்கே, பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்த பிறகோ, நடவுக் கூலி கொடுக்க வேண்டிய மாலையிலோதான் கொட்டிலைத் திறக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் விற்றேன். அதன் பிறகு வாசலில் வரும் வியாபாரி, வாரச்சந்தை, ஊரில் நாங்களே நடத்திய ஏலம் ஆகிய மூன்றிலும் விற்றுப் பார்த்ததில் கற்றவற்றை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எந்த முறையைத் தேர்ந்தாலும் தவறான மாதத்தில் விற்றால் எல்லாம் ஒன்றுதான். ஆடியில் அம்மன் கோயில் கிடாவெட்டுகளால் ஏறும் விலை, புரட்டாசியில் ஊரே புலால் மறுக்கும்போது இறங்கிவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களில் மீண்டும் ஏறி, கார்த்திகையில் மாலை போடுபவர்கள் பெருகும்போது மறுபடியும் தளர்ந்து, பொங்கலுக்கு நிமிர்கிறது. டெல்டாவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டில் தரை காயாது, குளம்பு அழுகும், குடற்புழு பெருகும், மேய்ச்சல் நிலமெல்லாம் சம்பாப் பயிரும் தண்ணீருமாக இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, தீபாவளிக்கு விற்காமல் பொங்கலுக்கு என்று நிறுத்தி வைத்திருந்த கிடாய்களைக் கொட்டில் சரிந்து இழந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. பொங்கல் விலை தீபாவளி விலையைவிட நன்றாக இருந்தாலும், இடையில் இருக்கும் மழைக்காலத்தைத் தாண்டுவதற்கான செலவையும் ஆபத்தையும் கழித்துப் பார்த்தால், விற்க வேண்டியவற்றைத் தீபாவளிக்குள் விற்றுவிடுவதே சரி என்பது என் முடிவு.

இனி வாசல் வியாபாரி. மொபெட்டின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். கோழியைச் சிறகோடு சேர்த்துப் பிடித்து, ஒரு முறை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்து, மார்பெலும்பை விரலால் தடவிவிட்டு, “ஒன்றரை கிலோ வரும் அண்ணே” என்பார். அந்தக் கைக்கு எடை தெரியாமல் இல்லை, ஆனால் அவர் வாய் சொல்லும் எடை எப்போதும் வாங்குபவர் பக்கமே சாய்ந்திருக்கும். ஒரு நாள் அவர் வருவதற்கு முன்பே மின்தராசில் நிறுத்து வைத்திருந்த சேவலை அவரிடம் கொடுத்தேன். தராசில் 1 கிலோ 850 கிராம், அவர் வாயில் ஒன்றரை. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சேவலில் மட்டும் 140 ரூபாய் போகிறது. எடையைச் சொன்னதும் அவர் சண்டை போடவில்லை, தராசு எடைக்கே பணம் கொடுத்துவிட்டுப் போனார். ஆகவே வாசல் வியாபாரத்தில் நாம் இழப்பது பெரும்பாலும் எடையில்தான், விலையில் இழப்பது குறைவு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு தொங்கு தராசு அதைச் சரி செய்துவிடும்.

இந்த முறையின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒரே ஒரு கோழியைக்கூட விற்கலாம், வண்டி வாடகை இல்லை, மழையிலும் வருவார், அவசரத்துக்கு முன்பணம்கூடக் கொடுப்பார். ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு விலை பேசும் உரிமை நம்மிடம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். இன்னொன்று, அவருடைய கூடை அன்றைக்கு எத்தனை வீடுகளின் கோழிகளைச் சுமந்ததோ அத்தனை வீடுகளின் நோயையும் சுமந்து வருகிறது. எந்த ஊரில் வெள்ளைக்கழிச்சல் கண்டு அவசரமாக விற்றார்களோ, அந்த ஊரிலிருந்தும் அவர் வந்திருக்கலாம். எனவே அவரைக் கோழிக்கூண்டு வரை அழைத்துச் செல்லாமல், கோழியைப் படலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற ஒரு பழக்கத்தை எங்கள் வீட்டில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம்.

சந்தையைப் பற்றி ஊரில் இருக்கும் நம்பிக்கை, அங்கே போனால் நல்ல விலை கிடைக்கும் என்பது. பெரிய ஆட்டுச்சந்தை என்றால் எங்களுக்குச் சனிக்கிழமை கூடும் சமயபுரம்தான். அது எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். குட்டியானை வண்டியில் நள்ளிரவில் ஆடுகளை ஏற்றினால்தான் விடிவதற்குள் போய் இறங்க முடியும், ஏனென்றால் பெரிய வியாபாரிகள் வெயில் ஏறுவதற்குள் வாங்கி முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு நாள் அலையும் ஆடு தன் உயிர் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இழக்கும். வீட்டில் 25 கிலோ இருந்த கிடாய் அங்கே இறங்கும்போது இரண்டு கிலோ குறைந்திருந்தால், வண்டி வாடகையும் நுழைவுக் கட்டணமும் தரகும் போக, அந்த இரண்டு கிலோவும் நம் கணக்கில்தான் எழுதப்படும். பத்து கிடாய்களுக்கு மேல் சேர்த்து ஏற்றினால் வாடகை பங்கிடப்பட்டுக் கட்டுப்படியாகும்; மூன்று நான்குக்குக் கட்டுப்படியாகாது.

சந்தையில் விலை பேசப்படும் விதத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். தரகர் தன் தோள் துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேல் போட்டுக்கொண்டு, அதன் அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கம் மணப்பாறை மாட்டுச்சந்தையிலும் நம் பக்கத்துச் சந்தைகளிலும் தலைமுறைகளாக இருந்து வருகிறது. எத்தனை விரலைப் பிடித்தார், எப்போது விட்டார் என்பது துண்டுக்கு உள்ளே இருக்கும் இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். பழகியவர்களுக்கு அது ஒரு நேர்த்தியான மொழி, நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு ஆடுகளோடு வரும் ஒருவருக்குப் பக்கத்து ஆடு என்ன விலைக்குப் போனது என்பது அந்தத் துண்டால் மறைக்கப்பட்டுவிடுகிறது. விலை தெரியாதவர் விற்பவராகவும் விலை தெரிந்தவர் வாங்குபவராகவும் இருக்கும் இடத்தில் பேரம் சமமாக நடக்காது.

அதைவிடப் பெரிய நஷ்டம் எனக்குத் திரும்பி வந்த ஆடுகளால் நேர்ந்தது. ஒரு முறை மூன்று கிடாய்கள் விலை படியாமல், வீம்பாகவே திருப்பிக் கொண்டுவந்து, அன்றிரவே மற்ற ஆடுகளோடு கொட்டிலில் அடைத்தேன். பத்து நாட்களுக்குள் குட்டிகளுக்கு மூக்கில் சளி, வாயில் புண், பிறகு கழிச்சல். இறந்த குட்டி ஒன்றை ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தபோது ஆட்டுக்கொல்லி என்று தெரிந்தது. ஐந்து குட்டிகள் போயின. மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காக்கும் நோய் அது, அந்தக் குட்டிகளுக்கு நான் போட்டிருக்கவில்லை. சந்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தால் மூன்று வாரம் தனியாக, வேறு தண்ணீர்த் தொட்டியோடு, கட்டிப் போட வேண்டும். அதற்கு இடமில்லாதவர், என்ன விலை கிடைத்தாலும் விற்றுவிட்டு வருவது என்ற உறுதியோடுதான் சந்தைக்குப் போக வேண்டியிருக்கும், அந்த உறுதி முகத்தில் தெரிந்தால் விலை இன்னும் இறங்கும்.

ஏலம் நம் டெல்டாவுக்குப் புதியதல்ல. நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஒவ்வொரு நாளும் ஏலத்தில்தான் கைமாறுகிறது. கும்பகோணம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி, விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலத்தில் விற்கப்படுகிறது. அரசு கால்நடைப் பண்ணைகளில் கழிக்கப்படும் உருப்படிகளை முன்கூட்டி அறிவித்து, வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, பொது ஏலத்தில் விடுகிறார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலும் ஆடும் திருவிழா முடிவில் “ஒருதரம், ரெண்டுதரம்” என்று கூவப்படுவதை அறியாத ஊர் இல்லை. இவற்றில் கோயில் ஏலத்தை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடாது. அங்கே ஒரு சேவலுக்குக் கொடுக்கப்படும் விலையில் பக்தியும் ஊர்ப் பெருமையும் கலந்திருக்கின்றன. அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு சொந்தச் சேவலை ஏலம் விட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மீன் ஏலமும் முழுமையாகப் பொருந்தாது, மதியத்துக்குள் விற்றாக வேண்டிய பொருள் அது. கிடாய் நாளைக்கும் உயிரோடு இருக்கும், ஆகவே விலை போதாது என்றால் நிறுத்திக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஆட்டை வைத்திருப்பவருக்கு ஏலத்தில் உள்ள பெரிய பலம் இதுதான், அதுவும் ஏலம் நம் ஊரிலேயே நடந்தால்தான். நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்தால் இந்த பலம் போய்விடுகிறது.

ஏலத்தில் ஓர் உருப்படி எந்த விலைக்கு நிற்கும் என்பதை இரண்டாவதாக நின்று விட்டுக்கொடுப்பவரே தீர்மானிக்கிறார் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தாமாகவே விளங்கும். ஒரு கிடாய்க்கு 14,000 வரை கொடுக்க மனம் உள்ள ஒருவரும், 11,000-க்கு மேல் வேண்டாம் என்று நினைக்கும் இன்னொருவரும் மட்டும் வந்திருந்தால், கிடாய் 11,100-க்கோ 11,200-க்கோ போய்விடும். முதலாமவர் மனத்தில் வைத்திருந்த மிச்சத் தொகை அவர் பையிலேயே திரும்பிப் போகும். 13,500 வரை வரக்கூடிய மூன்றாமவர் ஒருவர் வந்திருந்தால் மட்டுமே அந்தத் தொகை நமக்கு வரும். எனவே ஏலத்துக்கு முன் நம் உழைப்பு முழுவதும் ஆட்களைச் சேர்ப்பதில் போக வேண்டும். ஒருவரையொருவர் அறியாத, வெவ்வேறு தேவை உள்ள ஐந்து பேராவது வராவிட்டால் ஏலம் போடுவதைவிட வாசல் வியாபாரியிடம் நிறுத்துக் கொடுப்பதே நல்லது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து இருபதுக்கு மேற்பட்ட கிடாய்களையும் நாற்பது சேவல்களையும் களத்தில் நிறுத்தி முதல் ஏலம் விட்ட ஆண்டில், வந்த மூன்று வியாபாரிகளும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கேட்டால் மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். முதல் நான்கு கிடாய்கள் வாசல் விலைக்கும் கீழே போனதும் ஏலத்தை நிறுத்திவிட்டோம். அடுத்த ஆண்டு இரண்டை மாற்றினோம். வியாபாரிகளோடு, இரண்டு ஊர்க் கறிக்கடைக்காரர்கள், ஒரு பிரியாணிக் கடைக்காரர், குலதெய்வத்துக்குக் கிடாய் தேடிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் ஆகியோருக்கும் பத்து நாட்களுக்கு முன்பே சொல்லி அனுப்பினோம். வாய்விட்டுக் கேட்கும் முறையை விட்டுவிட்டு, பருத்திக்குச் செய்வதைப் போலவே, ஒவ்வொருவரும் விலையைச் சீட்டில் எழுதி மூடிய டப்பாவில் போடும்படி வைத்தோம். பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்பது தெரியாதபோது, கூட்டுச் சேர்ந்து வந்தவர்களுக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை குறைகிறது, உண்மையில் கிடாய் வேண்டியவர் தன் முழு மனத்தையும் சீட்டில் எழுதிவிடுகிறார். அந்த ஆண்டு நிறுத்திக்கொண்ட உருப்படி ஒன்றுகூட இல்லை.

ஊர் ஏலத்தில் எடைதான் உயிர். ஆடுகளை நிறுக்கும் மேடைத் தராசு இல்லாத இடத்தில், முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கிடைக்கும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 24 கிலோ 600 கிராம் அளவுக்கு வரும். இந்த எடையையும், வயதைக் காட்டும் பல் போட்டதா இல்லையா என்பதையும், தடுப்பூசி போட்ட தேதியையும் ஓர் அட்டையில் எழுதிக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டபோது, கறிக்கடைக்காரர்கள் கையால் தடவிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அட்டையைப் படிக்க ஆரம்பித்தார்கள். உயிர் எடையில் நூற்றுக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பது வரை கறியாக நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. எடை தெரிந்தால் அவர்களுக்கும் துணிந்து எழுத முடிகிறது. விற்பதற்கு முன்தினம் உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் செய்தால் எல்லோருடைய ஆட்டிலும் இரண்டு கிலோவைக் கழித்தே சீட்டு எழுதுவார்கள் என்பதால், முதல்நாள் மாலையே ஆறு வீட்டு ஆடுகளையும் ஒன்றாக நிறுத்து எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்தோம்.

மற்ற ஏற்பாடுகள் சிறியவை. ஒவ்வொரு கிடாய்க்கும் உரிமையாளர் தன் குறைந்தபட்ச விலையை முன்பே எழுதி மூடிக் கொடுத்துவிட வேண்டும். சீட்டுகளில் அதற்கு மேல் வராவிட்டால் உருப்படி நிற்கும். நல்லவற்றை நடுவில் விடுவது நல்லது, முதலிலேயே விட்டால் பின்னால் வருபவர்கள் இழப்பார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன் பணம் கைக்கோ ஜிபேயிலோ வந்துவிட வேண்டும், அடுத்த வாரம் என்ற சொல்லுக்கு இடமே கொடுக்கக்கூடாது. சேவல்களைத் தனித்தனியாக விட்டால் மதியமாகிவிடும். ஒத்த எடையுள்ள ஐந்தைந்தாக ஒரு பஞ்சாரத்தில் அடைத்து, கூறாக விட வேண்டும். நிழலும் தண்ணீரும் இல்லாமல் பஞ்சாரத்தில் இரண்டு மணி நேரம் இருந்த சேவல் வாய் பிளந்து மூச்சு வாங்கும், அதைப் பார்த்தால் யாரும் விலை எழுதமாட்டார்கள், அதற்கும் மேலாக அது அந்த உயிருக்கு நாம் செய்யும் கொடுமை. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போவதும் அப்படித்தான். கட்டுச்சேவலுக்குப் பொங்கலை ஒட்டி இரட்டை விலை சொல்லி வருபவர்கள் உண்டு. சண்டைக்கு விடப் போகிறவர் என்று தெரிந்தால் நான் கொடுப்பதில்லை.

நேரடி விற்பனையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது எல்லா உருப்படிக்கும் பொருந்தாது. குலதெய்வத்துக்குக் கறுப்புக் கிடாய் தேடி வருபவர் எடையைக் கேட்பதில்லை, ஏலத்தில் கிடைப்பதைவிட அவரிடம் கூடுதலாகவே கிடைக்கும். பக்ரீத்துக்குக் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கங்களில் ஓராண்டு நிறைந்த, ஊனமில்லாத வெள்ளாட்டுக் கிடாய்க்குத் தேவை உண்டு. அதற்கென்று வளர்ப்பவர்கள் அடையாளத்துக்காகக் காதை வெட்டாமல், கொம்பு உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பக்ரீத் ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருவதால், குட்டி பிறக்கும் மாதத்தை அதற்கேற்பக் கணக்கிடுபவர்களுக்கே அது வருமானம்.

ஆக, என் தீர்ப்பு உருப்படிக்கு உருப்படி மாறுகிறது. பத்துக்குள் அடங்கும் சேவல்களையும், முட்டை நின்ற கோழிகளையும் வாசலிலேயே, நம் தராசில் நிறுத்து, படலுக்கு வெளியே வைத்து விற்றுவிடலாம். வயதான தாயாட்டையும் மலட்டாட்டையும் ஏலத்தில் நிறுத்தினால் நல்ல கிடாய்களின் விலையையும் அவை கீழே இழுக்கும். அவற்றைக் கறிக்கடைக்காரரிடம் தனியே பேசிக் கொடுப்பது நல்லது. தெருவில் சேர்ந்து பதினைந்து இருபது கிடாய்கள் தேறினால், தீபாவளிக்குப் பத்து நாட்கள் முன்பு ஊர்க்களத்தில் சீட்டு ஏலம். தேறாவிட்டால் மட்டும், எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டு, வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு, சந்தை. பெட்டைக்குட்டிகளை எந்த ஏலத்திலும் விடவே கூடாது என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. தாய் எத்தனை குட்டி போட்டது, பால் எப்படி என்பதை அறிந்த அண்டை ஊர் வளர்ப்பவர் கொடுக்கும் விலையைக் கறிக்கு வாங்குபவர் ஒருபோதும் எழுதமாட்டார். மூக்கொழுகும், கழிச்சல் போகும் உருப்படியை எந்த வழியிலும் விற்கக்கூடாது.

இந்த ஆவணியில் என் வீட்டில் கழிக்க வேண்டியவை ஒன்பது சேவல், நான்கு கிடாய், ஒரு கிழட்டுத் தாயாடு. சேவல்களைப் புரட்டாசி பிறப்பதற்குள் வாசலில் கொடுத்துவிடுவேன்; தாயாட்டுக்குக் கறிக்கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது. கிடாய்களில் கறுப்பாக இருப்பதை மட்டும் நேரடியாகக் கேட்டு வருபவருக்கென்று நிறுத்திவிட்டு, மற்ற மூன்றையும் சீட்டு ஏலத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது; பதினைந்து ஆகாவிட்டால் ஏலம் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.